வளைகாப்பு ரோல்ல சொதப்புன 11 பிரேம்: பழைய டிடிஎல் ஃபிளாஷ் எப்படி யோசிக்குதுன்னு ஒரு போஸ்ட்மார்ட்டம்

அக்கா பொண்ணு வளைகாப்புக்கு ஒரு ரோல் ஃபிலிம் போட்டு எடுக்கலாம்னு ஒரு ஆசை. கேமரா ஒலிம்பஸ் ஓஎம்-2என், மேல டி32 ஃபிளாஷ், 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு, 35 எம்எம் ஒண்ணு, உள்ள கோடாக் கலர்பிளஸ் 200. மொத்தம் 36 பிரேம்ல 25 நல்லா வந்துச்சு, 11 சொதப்பல். டிடிஎல் (லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தையே அளக்கிற) ஆட்டோ ஃபிளாஷ்தான, அதுவே அளந்துக்கும்னு நெனச்சு வெச்சு வெச்சு அடிச்சேன். ஸ்கேன் வந்ததும் ஃபேமிலி குரூப்ல போட்டா பெரியம்மா ஃபோன் பண்ணி "ஏன்டா, என் மூஞ்சி எங்கடா போச்சு, பவுடர் டப்பாவுக்குள்ள விழுந்தவ மாதிரில்லா நிக்கேன்"னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல. அந்த பதிலைத் தேடி ரெண்டு வாரம் உக்காந்ததுதான் இது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கேமராலயும் கோளாறு இல்ல ஃபிளாஷ்லயும் இல்ல. எல்லாம் நான் அதுகிட்ட எதிர்பார்த்ததுல இருந்த கோளாறு.

ஸ்கேனை வெச்சு காரணம் தேட முடியாது, இது எனக்கு ரெண்டு நாள் வேஸ்ட் ஆனப்புறம்தான் உறைச்சது. லேப்ல ஸ்கேனர் ஒவ்வொரு பிரேமையும் அதுவா சரி பண்ணித்தான் குடுக்கும். ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு, கம்மியானா பாதி) கூடப் போனதும் ஒரு ஸ்டாப் கம்மியானதும் ஸ்கேன்ல ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், கம்மியானதுல மட்டும் நிழல் பக்கம் சேறு மாதிரி கலங்கி புள்ளி புள்ளியா நிக்கும். அதனால நெகட்டிவ் ஸ்ட்ரிப்பை எடுத்து ஃபோன்ல வெள்ளை ஸ்கிரீன் வெச்சு அது மேல கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். நெகட்டிவ் பொய் சொல்லாது. வெளிச்சம் அதிகமா விழுந்த பிரேம் கருகருன்னு தடிச்சு இருக்கும், வெளிச்சம் பத்தாத பிரேம் கண்ணாடி மாதிரி வெளுத்து இருக்கும். அப்படிப் பார்த்ததும் 11 பிரேமும் ரெண்டு கூட்டமா பிரிஞ்சுச்சு. 12, 13, 14, 22, 23 அஞ்சும் கருப்பு. 9, 10, 17, 19, 20, 31 ஆறும் வெளுப்பு. ஒரே ஃபிளாஷ் ஒரே ராத்திரில ரெண்டு பக்கமும் தப்பு பண்ணிருக்கு. அப்ப ஃபிளாஷ் வீக்காயிடுச்சு, பேட்டரி போயிடுச்சுன்னு ஒரே வார்த்தைல முடிக்க முடியாது.

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். ஃபிளாஷ்ல வெளிச்சத்தை கணக்கு பண்றது ஒரு காலத்துல மனக்கணக்கு. ஃபிளாஷுக்கு கைடு நம்பர்னு ஒண்ணு உண்டு, அதை தூரத்தால வகுத்தா வைக்க வேண்டிய அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தோட எஃப் நம்பர் (நம்பர் கூடினா துவாரம் சின்னது). டி32ல 32ங்கிறது அதுதான், ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சுலபமா பிடிக்கும்ங்கிற அளவு) 100ல மீட்டர் கணக்குல. ஐஎஸ்ஓ 200 போட்டா ஒண்ணரை மடங்குக்கு கொஞ்சம் கம்மியா ஏறி 45 ஆகும். எஃப் 5.6 வெச்சா 45 வகுத்தல் 5.6, சுமாரா 8 மீட்டர். அதாவது ஃபிளாஷ் தன் மொத்த சக்தியையும் கொட்டினா 8 மீட்டர்ல நிக்கிற ஆளுக்கு சரியா இருக்கும். 2 மீட்டர்ல நிக்கிற ஆளுக்கு? தூரம் நாலுல ஒண்ணு, வெளிச்சம் 16 மடங்கு. இந்த 16ஐ மனசுல வெச்சுக்கோங்க, பெரியம்மா மூஞ்சிக்கு இதுதான் காரணம், பின்னாடி வரேன்.

இந்த மனக்கணக்கை மெஷின் கிட்ட தள்ள ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழி பார்த்தாங்க. நிக்கான் 1969ல ஜிஎன் நிக்கோர்னு ஒரு 45 எம்எம் லென்ஸ் விட்டாங்க, அதுல போகஸ் வளையத்தை திருப்பினா தூரத்துக்கு ஏத்த மாதிரி அபெர்ச்சரும் கூடவே திரும்பும். மெக்கானிக்கலா அழகான யோசனை, ஆனா வெளிச்சத்தை சுவத்துல அடிச்சு திருப்பினா கணக்கு காலி. இன்னொரு வழியா ஃபிளாஷ் மேலயே ஒரு கண் வெச்சாங்க, திரும்பி வர்ற வெளிச்சத்தை அது பார்த்து போதும்னா நிறுத்தும். 1975ல வந்த விவிடார் 283ஐ நம்ம பக்கத்து பழைய கல்யாண போட்டோகிராபருங்க பல பேர் கைல பார்த்திருப்பீங்க, அதுல இந்த கண் முன்னாடி வட்டமா இருக்கும். மீதி சார்ஜை ஆரம்பத்துல வேற ஒரு டியூப்ல விட்டு வீணாக்கினாங்க, அப்புறம் தைரிஸ்டர்ங்கிற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வந்ததும் மீதியை, சார்ஜைத் தேக்கி வெக்கிற கெப்பாசிட்டர்லயே சேமிச்சாங்க. தைரிஸ்டர்ல ஒரு வேடிக்கை இருக்கு, அதை ஆன் பண்றது சுலபம், ஆனா கரண்ட் ஓடிட்டிருக்கும்போது சொன்னா கேட்டு ஆஃப் ஆகாது, இன்னொரு சின்ன கெப்பாசிட்டரை எதிர்த்து விட்டு வலுக்கட்டாயமா நிறுத்தணும். (இதைப் படிச்சுட்டு யாரும் ஃபிளாஷை ஸ்க்ரூ போட்டு திறந்துடாதீங்க, உள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பேட்டரி எடுத்தாலும் நிக்கும், அடிச்சா கை மரத்துப் போறதோட முடியாது.)

ஃபிளாஷ் மேல இருக்கிற கண்ணுக்கு ஒரு குறை, லென்ஸ் எதைப் பார்க்குதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க 135 எம்எம் போட்டு ஒரு மூஞ்சியை மட்டும் எடுப்பீங்க, அது ஹாலையே பாத்துட்டு கணக்கு போடும். லென்ஸ்ல பில்டர் போட்டாலும் தெரியாது. இதுக்கு 1975ல ஒலிம்பஸ் ஓஎம்-2ல போட்ட தீர்வுதான் இந்த கதையோட ஹீரோ. யோஷிஹிசா மைதானி தலைமைல டிசைன் பண்ண கேமரா அது. கண்ணை ஃபிளாஷ்ல இருந்து எடுத்து கேமரா வயித்துக்குள்ள வெச்சாங்க. கண்ணாடிப் பெட்டிக்கு அடியில வெளிச்சத்தை அளக்கிற ரெண்டு சிலிக்கான் செல், முன்னாடி பார்க்காம பின்னாடி பார்க்குது, ஃபிலிமையே பார்க்குது. ஷட்டர் திறந்ததும் லென்ஸ் வழியா வந்த வெளிச்சம் ஃபிலிம் மேல விழும், ஃபிலிம் பரப்புல இருந்து கொஞ்சம் தெறிக்கும், அந்தத் தெறிப்பை செல் கூட்டிக்கிட்டே இருக்கும், ஐஎஸ்ஓ டயல்ல சொன்ன அளவு வந்ததும் ஃபிளாஷுக்கு ஒரு சிக்னல், ஃபிளாஷ் கட்.

யோசிச்சுப் பாருங்க, இதெல்லாம் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துக்குள்ள. பக்கத்துல எடுத்தா அதுலயும் பல பங்குல ஒரு பங்கு. வெளிச்சம் 4 மீட்டர் போய் 4 மீட்டர் திரும்பி வர்றதுக்கு 27 நானோசெகண்ட்தான் ஆகும், அதனால அந்த லேட்டை கணக்குலயே எடுக்க வேண்டாம். ஷட்டர் 1/60ல முழுசா திறந்து நிக்கும், அந்த இடைவெளில ஃபிளாஷ் வந்து போயிடும்.

அடுப்புல பால் வெச்சுட்டு பொங்குற நேரத்துல கேஸை அணைக்கிற மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். எவ்வளவு நேரம் ஆகும்னு முன்கூட்டி தெரியாது, பொங்கறதைப் பார்த்து நிறுத்தறதுதான். ஆனா நிறுத்தற ஆள் பாத்திரத்துல இருக்கிறது பாலா தண்ணியான்னு பார்க்க மாட்டான், விளிம்பு வந்துச்சான்னு மட்டும்தான் பார்ப்பான். மொத்த ஃபிலிம்ல மொத்தமா எவ்வளவு வெளிச்சம், அவ்வளவுதான் அந்த செல்லுக்குத் தெரியும். அது மூஞ்சில விழுந்ததா, பின்னாடி பீரோல விழுந்ததா, தெரியாது.

சரி, பிரேமுக்கு வரேன். 9, 10. அக்கா பொண்ணை ரூம்ல நிக்க வெச்சு எடுத்தது, பின்னாடி கண்ணாடி வெச்ச ஸ்டீல் பீரோ. நெகட்டிவ்ல பீரோ கண்ணாடி இருக்கிற இடத்துல மட்டும் கரியா ஒரு பெரிய பொட்டு, மீதி பூரா வெளுப்பு. ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடில பட்டு நேரா லென்ஸுக்கே திரும்பி வந்திருக்கு, செல் ஆஹா போதும் போதும்னு சட்டுன்னு கட் பண்ணிருச்சு. பொண்ணுக்கு கிடைச்சது மிச்சம் மீதி. ரெண்டு அடி பக்கவாட்டுல தள்ளி நின்னு எடுத்திருந்தா கண்ணாடி வெளிச்சம் வேற பக்கம் போயிருக்கும்.

17ம் இதே ஜாதிதான் ஆனா கண்ணாடி இல்ல, சித்தப்பா. வளையல் போடுற நேரம், பொண்ணு எனக்கு 2.8 மீட்டர்ல, நடுவுல சித்தப்பா வெள்ளை சட்டைத் தோள் 70 சென்டிமீட்டர்ல பிரேம் ஓரத்துல புகுந்துருச்சு. தூரம் நாலு மடங்கு வித்தியாசம், வெளிச்சம் 16 மடங்கு, 4 ஸ்டாப். தோள்ல வெளிச்சம் கொட்டி செல் திருப்தி ஆயிடுச்சு. இதை எந்த வெளிச்ச மீட்டரும் முழுசா சரி பண்ண முடியாது, தோளையும் மூஞ்சியையும் ஒரே ஃபிளாஷால சரியா எடுக்கிறது நடக்காத காரியம், சித்தப்பாவைத்தான் நகர்த்தணும். நகர்த்த எனக்குத் தைரியம் இல்ல.

19, 20. வெள்ளை அடிச்ச சுவர், முன்னாடி வெள்ளை வேட்டி வெள்ளை சட்டைல தாத்தாவும் அவர் தம்பியும். பிரேம் பூரா வெள்ளை. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர சாம்பல்னு நெனச்சு அளக்கும், சாதா வெளிச்ச மீட்டருக்கும் இதே வியாதிதான். வெள்ளையை சாம்பலாக்கணும்னு சீக்கிரம் நிறுத்திருச்சு, ஒண்ணு ஒண்ணரை ஸ்டாப் கம்மி. ஸ்கேனர் இதை தூக்கி விட்டதுல மூஞ்சிகள்ல கறுப்பு மணல் தூவின மாதிரி.

31ம் நம்பர் குரூப் போட்டோ. மூணு வரிசை ஆளுங்க, எல்லாரும் ஷார்ப்பா வரணும்னு எஃப் 11 வெச்சுட்டேன், 6 மீட்டர் தள்ளி நின்னேன். 45 வகுத்தல் 11, 4 மீட்டருக்கு கொஞ்சம் மேல. அதுக்கு மேல ஃபிளாஷுக்கு எட்டாது. செல் இன்னும் இன்னும்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கும், கெப்பாசிட்டர்ல ஒண்ணும் இல்ல. ஒரு ஸ்டாப்புக்கு மேல பத்தல. இது மீட்டர் தப்பே இல்ல, அஞ்சாம் வகுப்பு வகுத்தல் தப்பு. டிடிஎல் ஃபிளாஷ் எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும் வெளிச்சத்தை குறைக்கத்தான் தெரியும், இல்லாததை உண்டாக்கத் தெரியாது.

இப்ப கருப்புக் கூட்டம். 22, 23 மொட்டை மாடில. ராத்திரி, 35 எம்எம் போட்டு 3 மீட்டர்ல ரெண்டு குட்டிப் பசங்க உக்காந்து லட்டு சாப்பிடறாங்க, பின்னாடி இருட்டு, வானம், ஒண்ணுமே இல்ல. பிரேம்ல பசங்க ஆறுல ஒரு பங்கு இருப்பாங்க. மீதி அஞ்சு பங்குல இருந்து ஒரு துளி வெளிச்சமும் திரும்பி வரல. செல் மொத்தக் கணக்குதான பார்க்கும், கணக்கு நிறையல, விடு விடுன்னு விட்டிருச்சு, ஃபிளாஷ் கடைசி சொட்டு வரைக்கும் கொட்டிருச்சு. 8 மீட்டருக்கு எட்டுற வெளிச்சம் 3 மீட்டர்ல விழுந்தா ஏழு மடங்கு, கிட்டத்தட்ட 3 ஸ்டாப் அதிகம். பசங்க மூஞ்சி ட்யூப்லைட் மாதிரி.

இதுல இன்னொரு பாடம் கிடைச்சது எனக்கு. ஓஎம்-2என்ல வியூஃபைண்டர்ல ஒரு சிவப்பு லைட் உண்டு, ஃபிளாஷ் சார்ஜ் ஆனா எரியும், எடுத்ததும் வெளிச்சம் போதுமா இருந்தா சிமிட்டும். மொட்டை மாடில அது சிமிட்டல. நான் உடனே ஐயையோ வெளிச்சம் பத்தலைன்னு நெனச்சு 23ஐ இன்னும் அரை மீட்டர் கிட்ட போய் எடுத்தேன், அது இன்னும் மோசம். அந்த சிமிட்டலுக்கு அர்த்தம் "செல் கேட்ட அளவு வந்துச்சு, நான் நிறுத்தினேன்"ங்கிறது மட்டும்தான். சிமிட்டலைன்னா ஆளுக்குப் பத்தலைன்னு அர்த்தம் இல்ல, மொத்தக் கணக்கு நிறையலைன்னு அர்த்தம். பீரோ போட்டோல அது ஜோரா சிமிட்டுச்சு, அங்கதான் பொண்ணு இருட்டு.

கடைசியா 12, 13, 14. பெரியம்மா. இதுதான் என்னை ரெண்டு வாரம் படுத்தி எடுத்தது. 2 மீட்டர் தூரம், பின்னாடி சாதாரண பச்சை சுவர், பெரியம்மா மெரூன் பட்டு, எஃப் 5.6. மேல சொன்ன எந்த காரணமும் பொருந்தல. இதுக்கு முன்னாடி 1லிருந்து 8 வரைக்கும் இதே ரூம் இதே தூரம், பிரமாதமா வந்திருக்கு. நெகட்டிவ்ல அந்த மூணும் அப்படியே தார் பூசின மாதிரி. காண்டாக்ட்ல அழுக்கா இருக்கும்னு கேமரா மேல ஃபிளாஷ் மாட்டுற ஷூவை எல்லாம் துடைச்சேன், ஃபிளாஷ் வயசாயிடுச்சுன்னு சந்தேகப்பட்டேன், வேற ஃபிளாஷ் வாங்கலாமான்னு விலை கூட பார்த்துட்டேன்.

துப்பு கண்ணுல கிடைக்கல, காதுல கிடைச்சது. பெரியம்மாவை எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல ஃபிளாஷ் ஙொய்ங்னு ரொம்ப நேரம் கத்துச்சு, ரெடி லைட் வர்ற வரைக்கும் பெரியம்மா சிரிச்ச மூஞ்சியை அப்படியே பிடிச்சுக்கிட்டு "எடுத்துட்டியா இல்லையாடா"ன்னு கேட்டது ஞாபகம் வந்துச்சு. 1லிருந்து 8 வரைக்கும் அப்படி இல்ல, அடிச்ச உடனே ரெடி. தைரிஸ்டர் ஃபிளாஷ்ல பக்கத்து ஆளை எடுத்தா மீதி சார்ஜ் உள்ளயே இருக்கும், நிரப்ப நேரமே ஆகாது. 2 மீட்டர்ல எடுத்துட்டு பத்து செகண்ட் கிட்ட காத்திருந்தேன்னா ஃபிளாஷ் மொத்தத்தையும் கொட்டிருக்கு, யாரும் அதை நிறுத்தச் சொல்லல. 8 மீட்டர் வெளிச்சம் 2 மீட்டர்ல, 16 மடங்கு, 4 ஸ்டாப். முன்னாடி மனசுல வெச்சுக்கச் சொன்ன அந்த 16 இதுதான்.

ஏன் நிறுத்தச் சொல்லல? 11ம் பிரேமைப் பார்த்தேன், குத்துவிளக்கு, ஃபிளாஷ் இல்லாம எடுத்தது. அதுக்காக கேமரா மேல இருக்கிற நெம்புகோலை ஆட்டோல இருந்து மேனுவலுக்குத் தள்ளி ஸ்பீடை நானே வெச்சேன். அப்புறம் ஃபிளாஷை மட்டும் ஆன் பண்ணேன், ஸ்பீடை 60க்கு கொண்டு வந்தேன், நெம்புகோலை மறந்துட்டேன். ஓஎம்-2ல ஃபிலிமைப் பார்த்து ஃபிளாஷை நிறுத்தற சர்க்யூட் ஆட்டோல இருந்தாதான் வேலை செய்யும், மேனுவல்ல வெச்சா ஃபிளாஷுக்கு கேமராகிட்ட இருந்து ஒரு சத்தமும் வராது. 15ம் பிரேம்ல ஏதோ காரணத்துக்கு திரும்ப ஆட்டோ போட்டிருக்கேன், அதனால அது நல்லா வந்திருக்கு. இவ்வளவுதான் விஷயம்.

சந்தேகத்தை விடாம ஒரு டெஸ்ட் ரோல் போட்டேன். அதே ரூம், பெரியம்மாவுக்குப் பதிலா ஒரு மரப்பாச்சி பொம்மையும் ஒரு சிவப்பு தலைகாணியும், 2 மீட்டர். ஆட்டோல ஒண்ணு, மேனுவல்ல ஒண்ணு. மேனுவல்ல அடிச்சதும் ஙொய்ங் சத்தம், சிமிட்டல் இல்ல, நெகட்டிவ் தார். கேஸ் முடிஞ்சுது. அதே ரோல்லயே பின்னாடி கருப்பு கம்பளி தொங்கவிட்டு காம்பன்சேஷன் டயலை (எக்ஸ்போஷரை ஸ்டாப் கணக்குல கூட்டிக் குறைக்கிறது) சுழியத்துல, மைனஸ் 1ல, மைனஸ் 2ல. வெள்ளை பெட்ஷீட் தொங்கவிட்டு சுழியத்துல, பிளஸ் 1ல. இந்த கேமராவுல காம்பன்சேஷன் டயல் ஃபிளாஷையும் சேர்த்து ஆட்டும், ஏன்னா அது ஐஎஸ்ஓவை ஏமாத்தறதுதான். கம்பளிக்கு மைனஸ் 2 கிட்டதான் பொம்மை மூஞ்சி மனுஷ மூஞ்சி மாதிரி வந்துச்சு, நான் மைனஸ் 1 போதும்னு நெனச்சிருந்தேன். பெட்ஷீட்டுக்கு பிளஸ் 1 சரி.

நியாயமா ஒண்ணும் சொல்லணும். நல்லா வந்த 25ல நாலு, பந்தல் துணில பவுன்ஸ் பண்ணது. ஃபிளாஷ் தலையை மேல திருப்பி துணில அடிச்சேன், துணி எவ்வளவு வெளிச்சத்தைக் குடிச்சிருக்கும்னு எந்த கைடு நம்பரும் சொல்லாது, ஆனா செல் ஃபிலிமைத்தான பார்க்குது, வந்த வெளிச்சம் வர்ற வழில எங்க அடிபட்டு வந்தா அதுக்கு என்ன. நாலும் அச்சுல வார்த்த மாதிரி எக்ஸ்போஷர். மஞ்சத் துணிங்கிறதால எல்லாரும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்காங்க, அது வேற கதை.

மூஞ்சி எது பீரோ எதுன்னு தெரியாத இந்தக் குறையை பின்னாடி வந்தவங்க ரெண்டு விதமா அடைச்சாங்க. ஒண்ணு செல்லை துண்டு துண்டா பிரிச்சது, இன்னொண்ணு முன்னோட்டமா ஒரு சின்ன ஃபிளாஷ் விட்டுப் பார்க்கிறது. நிக்கான் 1992ல எஃப்90ல ரெண்டையும் சேர்த்துப் பண்ணாங்க, 5 துண்டு சென்சார், எஸ்பி-25 ஃபிளாஷ், டி லென்ஸ் போட்டா தூரமும் கேமராவுக்குத் தெரியும், பீரோ கண்ணாடி இருக்கிற துண்டை அது கணக்குல இருந்து தள்ளிடும். கேனன் 1995ல இ-டிடிஎல்னு கொண்டு வந்து படம் எடுக்கும்போது அளக்கிறதையே விட்டுட்டாங்க, முன்னோட்ட ஃபிளாஷ்லயே முடிவு பண்ணிட்டு அந்த அளவை மட்டும் அடிச்சாங்க. முன்னோட்டத்துக்கே கண்ணை மூடிட்டு அசல் ஃபிளாஷுக்கு பாதிக் கண்ணோட நிக்கிற ஆளுங்க அதுல இருந்துதான் பிறந்தாங்க. டிஜிட்டல் வந்ததும் ஃபிலிமைப் பார்க்கிற முறை மொத்தமா ஒதுங்கிருச்சு, சென்சார் மேல இருக்கிற கண்ணாடி ஃபிலிம் மாதிரி மெத்துனு தெறிக்காது, பளபளன்னு தெறிக்கும், அதை நம்பி அளக்க முடியாது.

இப்ப நெம்புகோல் பக்கத்துல ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டி வெச்சிருக்கேன், ஆட்டோல இல்லைன்னா கண்ணுல படற மாதிரி. பெரியம்மாகிட்ட 16 மடங்கு கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் இருக்கட்டும், பேர் வைக்கிற அன்னிக்கு ஃபோன்லயே எடுத்துரு"ன்னுட்டாங்க.